பதினோரு மணி மடை

எங்கள் ஊர் மடை, பார்க்க வந்தவர்களின் நெஞ்சு கரைந்தால்தான் திறக்கும். எவ்வளவு கரைகிறதோ அவ்வளவு திறக்கும். வெளியூரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

என் பெயர் தில்லைநாயகி. செம்பியக்கோட்டகத்தில் லஸ்கர் வேலை பார்க்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் ஷட்டரைத் தூக்குவது, முறை முடிந்தால் இறக்குவது, நடுவில் சண்டைக்கு வருகிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது, இதுதான் லஸ்கர் வேலை. இப்போது ஷட்டரை மோட்டார் தூக்குகிறது. பாசன வாரியத்துக் காகிதத்தில் என் பெயருக்குக் கீழே 'மடை இயக்குநர்' என்று பெரிதாக அச்சடித்திருக்கிறார்கள். நான் இயக்குவது ஒன்றுமில்லை. வருகிறவர்கள் கையில் பட்டை கட்டிவிடுகிறேன், போகும்போது கழற்றிக்கொள்கிறேன்.

அரிசியெல்லாம் நகரத்து ஓரத்தில் கண்ணாடிக் கூடங்களுக்குள் அடுக்கடுக்காக விளையத் தொடங்கியதும், திறந்த வயலுக்குத் தண்ணீர் விடுவது வீண் என்று மேலே முடிவாகிவிட்டது. மொத்தமாக நிறுத்தினால் கெட்ட பெயர் வரும். அதனால் கடைமடையில் ஏழெட்டு ஊர்களை மட்டும் வேளாண் சுற்றுலாவுக்கு என்று வைத்துக்கொண்டார்கள். ஜனங்கள் பஸ்ஸில் வந்து நெல் எப்படி விளைகிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம். எங்களுக்குப் பதினோரு ஏக்கர், நாற்பது குடும்பம். ஒரு போகத்தில் பாதிக்குக் குறைவாக விளைந்தால் உரிமம் போய்விடும், அப்புறம் அந்த இடத்தில் கூடம் எழும்பும். அப்படி எழுதித்தான் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

மடையில் கருவி மாட்ட வந்த பொறியாளர் பெயர் ஜெயசீலன். வெயிலில் நின்று பொறுமையாகத்தான் விளக்கினார். அவருக்கு எதிரே வைரக்கண்ணு அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன்தான் எங்கள் ஊர் வழிகாட்டி. வருகிறவர்களை வரப்பு வரப்பாகக் கூட்டிப் போய்ச் சொல்லிக்கொடுப்பது அவர் பொறுப்பு. பதினோரு ஏக்கரில் வாய்க்காலின் கோடியில், எல்லாருக்கும் பாய்ந்து முடிந்த பிறகு தண்ணீர் எட்டிப் பார்க்கிற இரண்டு ஏக்கர் அவருடையது.

"பயிருக்குத் தாகம் எடுத்தா தண்ணி விடுவாங்க சார். பாக்க வந்தவங்க மனசு எளகுனா தண்ணி விடறது எந்த ஊரு நாயம்?" என்று அண்ணன் கேட்டார்.

"இந்த வயல் சாப்பாட்டுக்கு இல்லீங்களே. பாக்கறதுக்கு. பூங்காவுக்குத் தண்ணி விடறப்ப அதால ஜனங்களுக்கு என்ன கெடைக்குதுன்னு பாக்கறோம்ல, அதேதான்."

"அப்ப வர்ற தலைய எண்ணிக்கிட்டு விடுங்களேன்."

"எண்ணிப் பாத்தோம். ஒவ்வொரு ஊரும் சொந்தக்காரங்களையே பஸ்ஸுல ஏத்தி எறக்குச்சு. மார்க் போடச் சொன்னோம், எல்லாரும் நூத்துக்கு நூறு போட்டுட்டுப் போயிட்டாங்க. கை நாடி மட்டுந்தான் பொய் சொல்ல மாட்டேங்குது."

பட்டை நாடியையும் மூச்சையும் தோலின் ஈரத்தையும் பார்த்து, கட்டியிருக்கிறவர் மனம் எவ்வளவு நெகிழ்ந்திருக்கிறது என்று ஓர் எண் போடும். காலை பதினோரு மணியிலிருந்து மதியம் ஒரு மணி வரை அது கணக்கெடுக்கும். அந்த நேரத்தில் யார் யார் கையில் பட்டை இருக்கிறதோ அவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரு சராசரி. அது மடைக்கு மேலே பலகையில் சிவப்பாக எரியும். நாற்பது என்றால் ஷட்டர் நூற்றில் நாற்பது பங்கு ஏறும். ஏறிவிட்டால் இரண்டு மணி நேரம் இறங்காது. அன்றைய தண்ணீர் அவ்வளவுதான்.

முதல் மாதம் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் நாளெல்லாம் சிரிக்கலாம். காட்சி வயல் என்று ஒரு குழி நிலம் ஒதுக்கி, வருகிறவர்களை ரப்பர் காலணியோடு இறக்கி நாற்று நடச் சொன்னோம். அவர்கள் நட்டதை மாலையில் பிடுங்கி மறுநாள் அவர்களைப் போன்றவர்களிடமே கொடுத்தோம். எண் நான்கு. மாட்டுவண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டினோம், ஆறு. வாத்துக் குஞ்சைக் கையில் கொடுத்தபோது ஒன்பது வரை போயிற்று, வாத்து ஒரு அம்மாள் கையில் அசிங்கம் செய்ததும் மூன்றுக்கு வந்துவிட்டது. போதாததற்கு ஊர்க்காரர்கள் பத்துப் பேர் டிக்கெட் எடுத்துப் பட்டை கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள். காய்கிற வயலைப் பார்த்து அவர்களுக்கு வந்தது கவலை. பட்டைக்குக் கவலை வேறு, நெகிழ்ச்சி வேறாம். எண் ஒன்றுக்குப் போய்விட்டது.

விரல் நுழைகிற அளவுக்கு ஷட்டர் ஏறும். அந்தத் தண்ணீர் தலைமடையை நனைப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். நாற்றங்கால் பழுக்க ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண், மடைக்குப் பக்கத்தில் நின்றபோது, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அண்ணனைச் சும்மா கேட்டாள். அண்ணன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரே பையன். இந்த மடைதான் எடுத்துக்கிச்சு." நான் பலகையைப் பார்த்தேன். ஐந்தில் இருந்த எண் முப்பத்தொன்று ஆயிற்று. மோட்டார் உறுமிக்கொண்டு ஷட்டர் ஏறியது.

அவர் சொன்னது உண்மை. மூன்று வருஷத்துக்கு முன்னால், முறைத் தண்ணீர் வந்துகொண்டிருந்த கடைசி வருஷம். இருபது நாள் கழித்துத் தண்ணீர் வந்தது, மடை வாயில் ஆகாயத்தாமரை பாய் விரித்ததுபோல அடைத்துக்கொண்டது. இந்த மாதிரி நேரத்தில் யாராவது ஓர் ஆள் ஷட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிக் காலால் கொடியை வாரி விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எழிலரசன் இறங்கினான். அண்ணனுடைய பையன், பத்தொன்பது வயது. வாரிக்கொண்டே இருந்தவனுக்குக் கீழே அடைப்பு மொத்தமாக விட்டுக்கொடுத்தது. ஒரே இழுப்பு. மடைக்குள் இருக்கிற சிமெண்டுக் குழாய்க்குள் அவன் போய்விட்டான். மேல்மடைக்குப் போன் போட்டு, அங்கே அடைத்து, தண்ணீர் வடிந்து அவனை எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் கம்பிக்கு மேலே நின்றிருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

இதைத்தான் நான் விற்கச் சொன்னேன். அழகாகச் சொல்லிக்கொள்ள வழியில்லை. அன்று சாயங்காலம் அண்ணனிடம் போய், "நாளைக்கும் அதச் சொல்லுங்கண்ணே" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மறுநாள் சொன்னார். அதற்கு மறுநாளும் சொன்னார். நட்ட பயிர் பச்சை பிடித்தது. ஊரில் யாரும் எதுவும் பேசவில்லை. அண்ணன் வீட்டுக்கு மட்டும் காய்கறி தானாக வந்து சேர்ந்தது.

கொஞ்ச நாளில் அவருக்குத் தொழில் கைவந்துவிட்டது. எந்த இடத்தில் நிறுத்தினால் எண் ஏறும், எந்த இடத்தில் வாய்க்காலைக் காட்ட வேண்டும், துண்டை எப்போது எடுக்க வேண்டும் எல்லாம் படிந்துவிட்டது. முதல் வாரம் சொல்லிவிட்டு மாமரத்துக்குப் பின்னால் போய் வெகுநேரம் நிற்பார். கார்த்திகை வாக்கில், சொல்லி முடித்த கையோடு என் பக்கம் திரும்பி, "எவ்வளவு ஏறுச்சு?" என்று கேட்க ஆரம்பித்தார். கேட்கும்போது அவர் கண்ணில் ஈரம் இருக்காது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது, ஆனாலும் எண்ணைச் சொன்னேன்.

அவர் மனைவி அமிர்தவல்லி அண்ணி ஒரு நாளும் மடைப் பக்கம் வரவில்லை. பையன் போன அன்றைக்குப் பிறகு வாய்க்காலைத் தாண்டியதே இல்லை. வருகிறவர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு பரிமாறுவது அண்ணி தலைமையில்தான் நடந்தது, சமையற்கொட்டகை ஊருக்கு மறுகோடியில் இருந்தது. பதினோரு மணிக்கு என்ன சொல்கிறார்கள் என்று அண்ணிக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஐப்பசி மழை மூன்றே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போயிருந்தது. மார்கழி பிறந்து பயிர் தொண்டைக்கதிராக நின்றது. கதிர் உள்ளே இருக்கும், வெளியே தள்ளத் தண்ணீர் கேட்கும். சரியாக அந்த நேரத்தில் எண் இறங்க ஆரம்பித்தது. முப்பது, இருபத்தாறு, இருபத்திரண்டு. காரணம் எளிது. வந்தவர்கள் அண்ணன் பேசுவதைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் கதையைக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். மடைக்குப் பக்கத்தில் வந்ததும், இங்கேதானே என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

இப்படியே போனால் பத்து நாளில் பதினோரு ஏக்கரும் பால் பிடிக்காமல் சாவியாகிவிடும். அண்ணன் கொட்டகையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது நான்தான் ஒரு தாளில் இப்படி எழுதிக் கொடுத்தேன். வெளியே எடுத்தபோது பையன் ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்தான், 'அப்பா, தண்ணி வந்துருச்சா?' என்று கேட்டான், அப்புறம் போய்விட்டான். அண்ணன் அதைப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் எண் அறுபத்துமூன்று. ஒரு பெரியவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் தண்ணீர் நன்றாகப் பாய்ந்தது. தலைமடையில் கதிர் தள்ளிப் பூக்கவும் ஆரம்பித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன.

நான்காம் நாள் பந்தியில், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் சாப்பிட்டு முடித்ததும் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி மூச்சிலும் தண்ணீர் வந்துவிட்டதா என்று அப்பாவைக் கேட்ட பிள்ளையைப் பெற்றிருக்கிறீர்களே, நீங்கள் புண்ணியவதி என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணி கையை விடுவித்துக்கொண்டாராம். அடுத்த இலைக்கு ரசம் ஊற்றினாராம். அதே இலைக்கு மறுபடியும் ஊற்றினாராம்.

மறுநாள் காலை சமையலை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு, மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வாய்க்காலைத் தாண்டி வந்து டிக்கெட் வரிசையில் நின்றார். சலவைப் புடவை கட்டியிருந்தார். நான் பட்டை கட்டிக்கொண்டே வந்து, எனக்கு முன்னால் நீட்டியிருந்த கையில் அண்ணிக்கு அடுப்படியில் பட்ட தீக்காயத் தழும்பைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன்.

"அண்ணி, வேணாம் அண்ணி."

"எல்லாருக்கும் கட்டுறியல்ல, எனக்கும் கட்டு. அவுங்க கேக்கறத நானும் கேக்கணும்."

கட்டினேன். வேறு என்ன செய்வது? பட்டை ஒரு சின்னச் சாவியால் பூட்டிக்கொள்ளும், சாவி என் கழுத்தில்தான் தொங்குகிறது.

அன்று இருபத்துநான்கு பேர். மடைக்குப் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் அண்ணன் கூட்டத்தைப் பார்த்தார். கடைசி வரிசையில் தன் மனைவி நிற்பதைப் பார்த்தார். துண்டைக் கழுத்திலிருந்து எடுத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். ஆகாயத்தாமரையைப் பற்றிச் சொன்னார், இழுப்பைப் பற்றிச் சொன்னார், முக்கால் மணி நேரத்தைச் சொன்னார். "வெளிய எடுத்தப்ப" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றார். அதுதான் முடிவு என்று நினைத்துக்கொண்டு சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எண் முப்பத்தெட்டு. ஷட்டர் ஏறியது. "சாப்பாடு தயாரா இருக்கு, வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் விறுவிறுவென்று நடந்தார். அவர் ஓடிப்போனார் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் வரிசையாகப் பட்டைகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். அண்ணி வரிசையில் வரவில்லை. மடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றார். எல்லாரும் போன பிறகும் நின்றார். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. அவர் கையில் பட்டை இருக்கிறது என்ற நினைப்பே எனக்கு இல்லை. எத்தனையோ மாதமாகத் தினமும் செய்கிற வேலையை அன்றைக்கு மறந்தேன்.

"தில்லை, நீ இஞ்சதான் நின்ன. நீ சொல்லு. அவன் பேசுனானா?"

அண்ணி திரும்பாமலே பேசினார். "பேசுனான்னா உசுரு இருந்திருக்கு. உசுரு இருந்திருந்தா வண்டிய எடுத்துக்கிட்டு ஓடியிருக்கலாம். இவரு எங்கிட்ட, எடுக்கறப்பவே ஒண்ணுமில்லன்னாரு. நேத்து ராத்திரியெல்லாம் இதத்தான் நெனச்சிக்கிட்டுக் கெடந்தேன். ஒரு பக்கம் அவரக் கொன்னு போடலாமான்னு இருந்துச்சு. இன்னொரு பக்கம், எம்புள்ள கொரலு கடேசியா ஒரு தடவ கேட்டுச்சேன்னு இருந்துச்சு."

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றால் அண்ணன் மூன்று வருஷம் மறைத்த பாவி. இல்லை என்றால் இல்லாத வார்த்தையை விற்றவர். எது சொன்னாலும் அந்த வீட்டில் இனி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. என்னால் தாங்க முடியவில்லை, உள்ளதைச் சொல்லிவிட்டேன். அவன் பேசவில்லை, எடுத்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது, அந்த வரியை எழுதிக் கொடுத்தவள் நான்தான், அண்ணன் மேல் தப்பில்லை என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன்.

அண்ணி என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படியே மடைச் சுவரில் உட்கார்ந்தார். சின்னக் குரலில், "ஒண்ணுமே சொல்லலியா?" என்று கேட்டார்.

அப்போதுதான் அதைச் சொன்னேன். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாதது. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைத்து வைத்திருந்தது.

"எறங்கறதுக்கு முன்னாடி பேசுனான் அண்ணி. செருப்பக் கழட்டி எங்கிட்ட வச்சான். 'அக்கா, பாத்துக்கங்க, சேறு படக் கூடாது, கடையில மாத்தணும்'னான். நான், போடா, ஒஞ் செருப்புக்கு நான் காவலான்னேன். சிரிச்சிக்கிட்டே எறங்குனான். அவ்வளவுதான்."

அண்ணி என் முகத்தையே பார்த்தார். உதடு கோணியது.

"ஒரு நம்பரு பெருசா வாங்கியாந்துட்டேன்" என்றார். "முந்தின நாளு வாங்கியாந்தது. பெருசா இருக்குன்னு எங்கிட்டச் சண்ட போட்டான். சேறு படாம வச்சிக்கடா, வெள்ளிக்கெழம மாத்தித் தாரேன்னேன். போறப்பவும் மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டுத்தான் போனான். நாஞ் சொன்னதக் கேக்கவே இல்லன்னு நெனச்சிருந்தேன் தில்லை. மூணு வருசமா அதான் நெனச்சிக்கிட்டிருந்தேன்."

அதற்குப் பிறகு அவர் அழுதார். பையனைக் கொண்டுபோன அன்றைக்கும் அண்ணி அழவில்லை என்று ஊரே பேசியது. அன்று, பட்டப்பகலில், மடைச் சுவரில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினேன்.

எங்கள் காலடியில் மோட்டார் உறுமியது.

இரண்டு பேரும் திடுக்கிட்டோம். நான் நிமிர்ந்து பார்த்தேன். பலகையில் தொண்ணூற்றாறு. அந்தப் பலகை அப்படி ஓர் எண்ணைக் காட்டி நான் பார்த்ததில்லை. ஷட்டர் முழுக்க ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் குழாய்க்குள் இடித்துக்கொண்டு பாய்ந்து அந்தப் பக்கம் வெள்ளையாகக் கொட்டியது. அண்ணி தன் மணிக்கட்டைப் பார்த்தார். புரிந்துவிட்டது. கணக்கில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு பட்டைதான். பட்டையைப் பிய்த்துப் போடப் பார்த்தார், தோல் சிவந்ததே தவிர வரவில்லை. நான் சாவியைப் போட்டுக் கழற்றினேன்.

"மூடச் சொல்லு" என்றார் அண்ணி.

"முடியாது அண்ணி. ரெண்டு மணி நேரம் எறங்காது."

அவர் தண்ணீரைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அவ்வளவு வெறுப்போடு யாரும் தண்ணீரைப் பார்த்ததில்லை. கடைமடைக்காரி தண்ணீரை அப்படிப் பார்ப்பதற்கு என்ன நடந்திருக்க வேண்டும்? நடந்ததற்கு நானும் ஒரு காரணம்.

பாய்கிற சத்தம் பந்திவரைக்கும் கேட்டிருக்கிறது. வைரக்கண்ணு அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். பலகையைப் பார்த்தார். மூச்சு வாங்க, முகமெல்லாம் மலர்ந்து, "என்னா சொன்ன தில்லை? தொண்ணூத்தாறு நிக்கிது, என்னா சொன்ன?" என்று கேட்டார்.

கேட்ட பிறகுதான் பக்கத்தில் அழுத முகத்தோடு உட்கார்ந்திருக்கிற தன் மனைவியைப் பார்த்தார். தான் என்ன கேட்டுவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. அந்த முகம் அப்படியே சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அப்படி அவரை ஆக்கியது யார் என்று எனக்குத் தெரியும்.

"ஒண்ணுமில்ல. வூட்டுக் கத பேசிக்கிட்டிருந்தோம்" என்றார் அண்ணி.

என்னைப் பார்த்து, அது எங்கே என்று கேட்டார். எது என்று அண்ணனுக்கு விளங்கியிருக்காது. நான் மடை அறைக்குள் போய்க் கருவிப் பெட்டியைத் திறந்தேன். பையன் போன அன்றைய கூட்ட நெரிசலில் ஒரு செருப்பு தண்ணீரில் உருண்டு போய்விட்டது. மிஞ்சிய ஒன்றைப் பெற்ற தாயிடம் எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல், துணியில் சுற்றி அடியில் வைத்திருந்தேன். நீல வார். அடிப்பாகத்தில் விலைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சேறு படவில்லை. அண்ணி அதை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, வாய்க்கால் கரையோடு நடந்து போனார். அண்ணன் பத்தடி பின்னால் போனார்.

அன்று பதினோரு ஏக்கரும் நனைந்தது. கோடியில் இருந்த இரண்டு ஏக்கரில்கூடக் கணுக்கால் தண்ணீர் நின்றது.

சாயங்காலம் ஜெயசீலன் போன் செய்தார். பகல் பன்னிரண்டே காலுக்குத் தொண்ணூற்றாறு பதிவாகியிருக்கிறது, எந்த ஊரிலும் வராத எண், அந்த நேரத்தில் என்ன நிகழ்ச்சி வைத்தீர்கள், அதையே தினமும் வைத்தால் உங்கள் ஊருக்குக் கவலையே இல்லை என்று உற்சாகமாகச் சொன்னார். பட்டை ஒன்று பழுது சார், தப்பாகக் காட்டிவிட்டது என்றேன். அப்படியா, அனுப்பி வையுங்கள், பார்க்கிறேன் என்றார். ஒரு நல்ல பட்டையைக் கல்லால் தட்டி அனுப்பி வைத்தேன்.

மறுநாள் பதினோரு மணி ஆயிற்று. அண்ணி வீட்டில் சொல்லியிருப்பாரா, மாட்டாரா என்று தெரியாது. சொல்லியிருந்தால் அண்ணனிடம் இப்போது தொண்ணூற்றாறு வாங்குகிற கதை இருக்கிறது. பூ உதிர்ந்து பால் பிடிக்கிற நேரம், இன்னும் இரண்டு தண்ணீர் வேண்டும். அவருடைய வயல் கோடியில் இருக்கிறது. முப்பது பேர் கையில் பட்டையோடு காத்து நிற்கிறார்கள்.

அண்ணன் எல்லாவற்றையும் முறையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "வெளிய எடுத்தப்ப" என்றார். நிறுத்தினார். குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தார். நான் கழுத்துச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரே ஒரு தடவ கண்ணத் தொறந்தான்" என்றார். "அப்பா, தண்ணி வந்துருச்சான்னு கேட்டான்."

அந்தப் பழைய பொய்யேதான். எண் நாற்பத்தொன்று. கூட்டத்தில் பாதிப் பேர் அதை முன்பே கேட்டிருந்தார்கள்.

நான் பட்டைகளை எல்லாம் கழற்றிப் பெட்டியில் பூட்டி, யார் கையிலும் ஒன்றும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்த பிறகு, அண்ணன் என் அருகில் வந்தார். அன்றைக்கு எவ்வளவு ஏறியது என்று கேட்கவில்லை.

"அது என்னா நம்பரு செருப்பு?"

"ஒம்பது, அண்ணே."

"அவனுக்கு எட்டுதான்" என்றார். பிறகு மாமரத்துப் பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை.

அதன் பிறகு எண் நாளுக்கு நாள் இறங்கியது. முப்பத்தைந்து, இருபத்தெட்டு, பத்தொன்பது. நான் வேறு வரி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. அண்ணி பந்தியில் பரிமாறிக்கொண்டுதான் இருக்கிறார். யாராவது கையைப் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னால், "ஆமாங்க, அப்பிடித்தான் கேட்டான்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார்.

தையில் அறுத்தோம். ஒன்பது ஏக்கர் தேறியது, உரிமம் தப்பியது. கோடியில் இருந்த இரண்டு ஏக்கர் மட்டும் பாலில்லாமல் பதராகப் போனது. அறுக்கிறவர்கள் அதில் இறங்கவே இல்லை, மாட்டை விட்டு மேய்த்தார்கள். அண்ணனும் அண்ணியும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும் நின்றேன். ஊரில் எல்லாரும் தண்ணீர் எட்டவில்லை என்று சொன்னார்கள். ஒரு செருப்பைப் பற்றிச் சொல்லியிருந்தால் எட்டியிருக்கும் என்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும்.